பூஞ்சணம் பூத்த சமவெளி

மோர்னிங்சைட், ரொறன்ரோ
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மடு மாதாவின் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தங்கச்சி யூஜினி எழுதுகிறேன். இங்கே நான், மாக்கஸ், ஸ்டெபனி மூவரும் சுகம். ஸ்டெபிக்கு மட்டும் கொஞ்சம் இருமல். பனி உருகுகிற நேரத்தில் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான்.

கம்ப்ரசர் சத்தத்தில் காது போய்விட்டது, இனிப் போனில் கதைத்துப் பிரயோசனமில்லை, கடிதம் எழுது என்று முகாம் பாதரின் போனிலிருந்து நீங்கள் செய்தி அனுப்பி மூன்று மாதமாகிறது. பிந்தி எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். இன்றைக்கு எழுதுவோம், நாளைக்கு எழுதுவோம் என்று நாள் போய்விட்டது. இப்போது ஒரு காரியமும் சேர்ந்து வந்திருக்கிறது.

ஸ்டெபியின் நாலாம் வகுப்பில் கனடாவின் மலை, சமவெளி, பழைய பாறை நிலம் எல்லாம் படிக்கிறார்கள். கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தக்காரர் இருக்கிற இன்னொரு பெரிய நிலத்தை மேடு பள்ளத்தோடு மாவில் செய்து, கனடாவோடு ஒப்பிட்டுப் பேச வேண்டும். ஜூன் இரண்டாம் கிழமை கண்காட்சி. இவள் கையைத் தூக்கி, "மை மாமா மேட் ஹோல்ஸ் இன் ஓல் ஒஃப் இந்தியா" என்றாளாம். ரீச்சர் முதலில் பயந்திருப்பா. நான் போய்த்தான், போர்வெல் வண்டியில் கிணறு துளைக்கிற மாமா என்று விளங்கப்படுத்தினேன்.

நீங்கள் அந்த வண்டியில் நின்றுதான் என்னை மூன்று வருடம் புவியியல் படிக்க வைத்தீர்கள். தக்காணப் பீடபூமி எரிமலைக் குழம்பால் ஆனது என்று பரீட்சையில் எழுதினேன். தொட்டதில்லை. நீங்கள் தொட்டிருக்கிறீர்கள். எந்த இடத்தில் துளைத்தால் என்ன வரும், என்ன நிறம், என்ன மணம் என்று எழுதி அனுப்புங்கள்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரிய வீடு. மாக்கஸின் அக்கா வேரோனிக்கா மச்சாளின் வீடுதான். அவர்கள் மேலே, நாங்கள் கீழே, தனி வாசல். நாங்கள் குடிவர முன்னமே மச்சாள் ஒரு பெரிய திருஇருதய ஆண்டவர் படத்தைச் சுவரில் மாட்டி, பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு மந்திரித்தும் வைத்திருந்தா. ஸ்டெபியின் கட்டில் அந்தப் படத்தின் கீழேதான்.

வேறென்ன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாக்கஸும் உங்கள் மருமகள் ஸ்டெபியும் அன்பு சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் தங்கச்சி,
யூஜினி


ராஜஸ்தான், அல்வார் பக்கம்
9.5.2024

பாசமுள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் கிளிபோட் எழுதுவது. உன் கடிதம் முகாமிலிருந்து பாதர் மூலமாகக் கைக்குக் கிடைத்தது. நான் நல்ல சுகம். இப்போது முன்போல் துளைக்கிற பிட்டுக்குப் பக்கத்தில் நிற்பதில்லை. மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்களை வேலை வாங்குவதுதான். மருமகளின் இருமலைக் கவனி.

அவள் கேட்டதற்கு வருகிறேன். படத்தில் நிலம் பச்சையும் மஞ்சளும் மண்ணிறமுமாக அழகாக இருக்கும். துளைத்துப் பார்த்தால் அருவருப்பாக இருக்கும். குழாயின் வாயால் வருவது எல்லாம் வாந்தி மாதிரித்தான். ஊருக்கு ஊர் நிறம் மாறும்.

திருச்செங்கோட்டில் நம் அகதி முகாமைச் சுற்றிக் கருங்கல். சாம்பல் தூள் வரும். மலையாளக் கரையில் சிவப்புக் கல், உள்ளே ஈரமாய் இருக்கும்போது மண்வெட்டிக்கே விட்டுக்கொடுக்கும், வெயில் பட்டால் இறுகிவிடும். மகாராஷ்டிரத்தில் கறுப்புப் பாறை, நீ பரீட்சையில் எழுதியதுதான். ஒரு நாள் முழுக்கக் கறுப்புத் தூள் வரும். திடீரென்று ஒரு சிவப்புச் சேறு வரும், ஆட்டுக் குடலை அரைத்தது போல. ஒரு எரிமலைக் குழம்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அகப்பட்டு வெந்த மண் என்று ஒரு எஞ்சினியர் சொன்னார். முதல் தடவை பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை.

இங்கே ஆரவல்லி. மிகப் பழைய மலை, தேய்ந்து முதுகெலும்பு மட்டும் மிச்சம். தூள் பல்பொடி மாதிரி வெள்ளை. மற்ற ஊர்த் தூள் கீழே விழும். இது விழாது. சோற்றில் இருக்கும், கண் மயிரில் இருக்கும், துப்பினால் சுண்ணாம்பைத் துப்பியது போல இருக்கும். தண்ணீர் தெளித்துத் துளைக்க வேண்டும் என்று சொல்வார்கள். தண்ணீர் இல்லாத ஊரில்தானே நம்மைக் கூப்பிடுகிறார்கள், தெளிக்க எங்கே போவது.

மருமகளை இமயமலையை நல்ல உயரமாக வைக்கச் சொல். மா பிசையும்போது உப்பைக் குறைத்துப் போடு.

மடு மாதா காவல்.

அண்ணன்,
கிளிபோட்


மோர்னிங்சைட்
3 ஜூன் 2024

அன்பு அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். நிழலில் நாற்காலி போட்டு இருக்கிறீர்கள் என்று வாசித்தபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஸ்டெபி ஆட்டுக் குடல் வரியை நாலு தரம் வாசிக்கச் சொன்னாள்.

உப்பைக் குறைக்கச் சொன்னீர்கள், கடிதம் வர முன்னமே பிசைந்துவிட்டோம். இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர். ஒரு பலகையில் வைத்து, இமயத்தை ஒரு சாண் உயரத்துக்கு எழுப்பி, மேற்குத் தொடரைக் கிள்ளிக் கிள்ளி, தக்காணத்தைத் தட்டையாக்கி, கங்கைக்கு விரலால் வழி விட்டோம். வைக்க வேறு இடமில்லாமல் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தேன். நாலு நாளில் காய்ந்து கல்லாகிவிடும் என்று ரீச்சர் கொடுத்த தாளில் இருந்தது.

நாலாம் நாள் அது வேர்த்துப் போய்க் கிடந்தது. முத்து முத்தாக வேர்வை. ஆறாம் நாள் இமயமலை தொய்ந்து சமவெளியின் மேல் படுத்துவிட்டது. பத்தாம் நாள் மணம் கிளம்பியது. புளித்த மாவும் ஈரக் காலுறையும் சேர்ந்த மணம். பிறகு கங்கையின் இரண்டு கரையிலும் பச்சைத் தூள். பூஞ்சணம். ஸ்டெபிக்குச் சந்தோசம். "அம்மா, லுக், காடு முளைக்குது" என்று விரலால் தடவினாள். விரலைத் தட்டிவிட்டு நான் குளியலறைக்கு ஓடிப்போய் ஓங்காளித்தேன். அடுத்த கிழமை தக்காணத்தில் கறுப்பு வந்தது. கரிசல் மண்ணுக்குக் கறுப்பு, வண்டலுக்குப் பச்சை. பூஞ்சணத்துக்கு என்னை விட நல்லாகப் புவியியல் தெரிந்திருக்கிறது.

குசினி பக்கத்தில் இருப்பதால் சமையல் ஆவி பட்டிருக்கும்.

மணம் போகச் சாம்பிராணி போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் தலை முழுகினதும் ஸ்டெபியின் தலைமயிருக்கும் புகை பிடிப்பேன், அம்மா எனக்குப் பிடித்தது போல. இருமலுக்கும் அதுதான் மருந்து என்று மச்சாள் சொல்லுவா. இந்த முறை ஏனோ புகைக்குப் பிறகு கூடுதலாக இருமினாள். பாதிப் புகை மூக்குக்குள் போயிருக்கும்.

மூன்று நாளாக வினாகிரி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். துடைக்கத் துடைக்கக் கரைந்து, குஜராத்தைக் காணவில்லை.

கங்கைச் சமவெளியைப் பற்றி எழுதுங்கள். எங்கள் அன்பு.

யூஜினி


பீகார், பாட்னாவுக்கு வடக்கே
26.6.2024

தங்கச்சிக்கு,

இறைவன் கிருபையால் சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் மன்றாடுகிறேன். மருமகளின் கண்காட்சி முடிந்திருக்கும், நல்லபடி நடந்திருக்கும்.

இது கல்லே இல்லாத தேசம். முந்நூறு அடி போனாலும் கூழாங்கல் ஒன்று கிடையாது. நம் வண்டியின் சுத்தியல் பிட் இங்கே வேலைக்கு ஆகாது, களிமண் அதைக் கவ்விக்கொள்ளும். சுற்றித் துளைக்கிற வேறு வண்டியில் துணைக்கு நிற்கிறேன். மலையிலிருந்து ஆறு கொண்டு வந்து போட்டதையே தோண்டிக்கொண்டிருக்கிறோம். எண்பது அடியில் கறுப்புக் களி வந்தது. மணத்தைக் கேட்காதே. எந்தக் காலத்திலோ அமிழ்ந்த இலையும் மீனும் இன்னும் அழுகிக்கொண்டிருக்கிறது போல. பக்கத்தில் நின்ற ஒருவன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, "அண்ணே, இது கங்கையோட குடல்" என்றான்.

இப்போது உன் மாவுக்கு வருகிறேன். உப்பு ஈரத்தை இழுக்கும், ஆனால் இருக்கிற ஈரத்தைத்தான் இழுக்கும். நான் இருபத்தைந்து வருடமாகத் தண்ணீர் தேடுகிறவன். சமையல் ஆவி பத்து நாள் நிற்காது. உன் வீட்டு ஈரம் நிலத்திலிருந்தும் சுவரிலிருந்தும் வருகிறது. நீங்கள் கீழே இருப்பதாக எழுதினாய். எவ்வளவு கீழே?

பிள்ளைக்குப் புகை பிடிக்காதே. தூசியும் புகையும் நெஞ்சுக்கு ஒன்றுதான்.

அண்ணன்,
கிளிபோட்


மோர்னிங்சைட்
4 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? பீகாரில் வெக்கை என்று செய்தியில் பார்த்தேன். பதில் எழுத ஒரு மாதம் பிந்திவிட்டது. எழுத நினைக்கிற நேரத்தில் எழுத முடியவில்லை, முடிகிற நேரத்தில் எழுத மனமில்லை.

கண்காட்சி முடிந்தது. ரீச்சர் எங்கள் இந்தியாவை வகுப்புக்குள் எடுக்கவில்லை. வாசலிலேயே கையுறை போட்டு வாங்கி, கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கட்டி, "வெரி கிறியேற்றிவ்" என்றா. மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஒன்று, "இந்தியா ஸ்ரிங்க்ஸ்", இந்தியா நாறுகிறது என்றது. நான் அந்தப் பிள்ளையின் தாயைப் பார்த்துச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஸ்டெபி வெறும் மேசைக்கு முன்னால் நின்று உங்கள் கடிதத்திலிருந்து பேசினாள். சிவப்புச் சேறு, வெள்ளைத் தூள், விழாத தூள். நடுவில் இருமல் வந்து இரண்டு தரம் நிறுத்தினாள். பேச்சுக்கு நல்ல புள்ளி. பையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். உள்ளே சூடேறி இருந்தது, உயிருள்ள ஒன்றைத் தூக்கி வருகிற மாதிரி. கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்துவிட்டது.

அன்றைக்கு மச்சாள் கீழே வந்தா.

"என்ன யூஜினி, தோசைக்கு மா புளிக்க வைச்சனீரோ?"

"இல்லை மச்சாள், ஸ்டெபியின்ர இந்தியா."

"உதைத் தூக்கி எறியும். முழு வீட்டையும் நாறடிச்சுப் போட்டுது."

எறிந்துவிட்டேன். எறிந்து ஏழு கிழமை. மணம் போகவில்லை.

பள்ளிக்கூடத்தால் எழுதி விட்டதால் டொக்டரிடம் காட்டினோம். ஸ்டெபிக்கு முட்டு, ஆஸ்துமா என்கிறார். மூச்சுக்கு ஒரு பம்ப் தந்திருக்கிறார், நீல நிறம். வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன்.

உங்கள் கையெழுத்து கீழ்நோக்கிச் சரிகிறது, அண்ணா. ஓடுகிற வண்டியில் இருந்து எழுத வேண்டாம்.

அன்புடன்,
யூஜினி


இமயமலை அடிவாரம்
டேராடூனுக்குக் கீழே
30.8.2024

தங்கச்சிக்கு,

சுகம். உங்கள் சுகம் எழுது.

கடைசியில் இமயத்தின் காலடிக்கு வந்துவிட்டேன் என்று மருமகளுக்குச் சொல். மலையிலிருந்து இறங்கும் ஆறு இங்கே கல்லுக்குள் மறைந்துவிடுகிறது. மேலே வெறும் கூழாங்கல் படுக்கை, ஈரமே இல்லை. பல மைல் தள்ளிச் சதுப்பாக வெளியே வருகிறது. அங்கே கொசுவும் காய்ச்சலும். பிட் கல்லில் மாட்டி இரண்டு நாளாக வேலை இல்லை.

கையெழுத்துச் சரிவது குளிரால்.

நீ ஒன்றுக்குப் பதில் எழுதவில்லை. எவ்வளவு கீழே? டாக்டர் என்ன கேட்டார்?

அண்ணன்


மோர்னிங்சைட்
14 ஒக்ரோபர் 2024

அண்ணாவுக்கு,

இந்த முறை சுகம் என்று எழுதவில்லை.

ஏழு படி. ஏழு படி கீழே இருக்கிறோம். ஜன்னல் என் தலைக்கு மேலே, அதற்குள்ளால் தெரிவது மச்சாளின் புல்லும் அணிலின் காலும். இதை இங்கே பேஸ்மென்ற் என்பார்கள். வந்து ஒன்றரை வருடமாகிறது. உங்களிடம் பெரிய வீடு என்று எழுதினேன். பெரிய வீடுதான், எங்களுக்கு மேலே.

செபமாலை மாதமென்று மாதா சுரூபம் வீடு வீடாக வருகிறது. சனிக்கிழமை மச்சாள் வீட்டு முறை. மேலே முப்பது பேர். செபம் தொடங்க முன்னம், கூட்டத்துக்குத் தலைவரான அமிர்தநாதர் அங்கிள் ஸ்டெபியைப் பார்க்கக் கீழே வந்தார். படத்தைக் கண்டார்.

"உவ்வளவு வடிவான படத்தைக் கீழ வைச்சிருக்கிறியள். மேல கொண்டு போவம், மாதாவுக்குப் பக்கத்தில வைக்கலாம்."

மச்சாள் படியிலேயே நின்று சொன்னா, "அது மந்திரிச்ச படம் அண்ணை. அசைக்கக் கூடாது."

"ஆர் சொன்னது? சண்டை நேரம் மாதாவையே தூக்கிக்கொண்டு ஓடின சனம் நாங்கள். மாக்கஸ், அந்தப் பக்கம் பிடியும்."

தூக்கினார்கள். முதலில் வந்தது சத்தம், ஒட்டியிருந்த தோல் கிழிகிற சத்தம். பிறகு வெள்ளி நிறப் பூச்சிகள் நாலைந்து ஸ்டெபியின் தலையணையில் விழுந்து ஓடின. படத்தின் அளவுக்குச் சரியாகச் சுவரில் ஒரு கறுப்புச் சதுரம். பூச்சு ஊதி, நாக்குப் போல மெத்தென்று, ஈரமாகத் தொங்கியது. படத்தின் முதுகுப் பலகையில் மயிர் முளைத்திருந்தது. பச்சை, கறுப்பு, நடுவில் சீழ் போல ஒரு மஞ்சள். அதே மணம். சதுரத்தைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ற்.

அங்கிள் "யேசுவே" என்றார். மாக்கஸ் படத்தைக் கீழே வைக்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சாள் மட்டும் திடுக்கிடவில்லை. அதைத்தான் நான் பார்த்தேன்.

"எல்லாற்ற பேஸ்மென்ற்றிலயும் உள்ளதுதானே யூஜினி. பிளீச் போட்டால் போயிடும்."

மந்திரித்த படத்தை ஒருவரும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள் என்று அவவுக்குத் தெரியும். நானே ஒவ்வொரு நாளும் அதன் கண்ணாடியைத் துடைத்து, முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையின் இருமல் போகவேண்டும் என்று மன்றாடினேன். அதன் கீழேதான் பிள்ளையின் மூக்கு.

ஆனால் அண்ணா, எனக்கு அவவில் வந்த அருவருப்பை விட என்னில் வந்தது பெரிது. டொக்டர் கேட்ட கேள்வி, வீட்டில் பூஞ்சணம் இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றேன். மூலைகளில் கறுப்பாய் இருப்பது எனக்குத் தெரியும். மணம் தெரியும். இந்தியா வேர்த்த அன்றே தெரியும். ஓம், இருக்கிறது என்றால் யாராவது வந்து பார்ப்பார்கள், மச்சாளுக்குப் பிரச்சினை, மாக்கஸுக்கும் அக்காவுக்கும் பகை, நாங்கள் எங்கே போவது என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடி, இல்லை என்றேன். பக்கத்தில் பிள்ளை விசில் போல மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். நீங்கள் வேண்டாம் என்று எழுதிய பிறகும் இரண்டு வெள்ளி சாம்பிராணி போட்டேன். மணத்தை மறைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் முதலில் நின்றது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கடிதங்களைக் கட்டிலுக்கு அடியில் சப்பாத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். ஒன்றோடொன்று ஒட்டி, புள்ளி விழுந்துபோயிருந்தன. ஒவ்வொரு உறையாகத் துடைத்து மேசையில் காய வைத்தபோதுதான் தபால் முத்திரையைப் பார்த்தேன். அல்வார், பீகார், இமயமலை. மூன்றிலும் திருச்செங்கோடு முத்திரை. முகாமிலிருந்து கூப்பிடு தூரம்.

ஓகஸ்டில் டேராடூனில் என்ன குளிர், அண்ணா? நான் புவியியல் படித்தவள்.

நான் ஒளித்ததைச் சொல்லிவிட்டேன்.

யூஜினி


மறுவாழ்வு முகாம், திருச்செங்கோடு பக்கம்
8.11.2024

என் தங்கச்சிக்கு,

நானும் இந்த முறை சுகம் என்று எழுதவில்லை.

போன டிசம்பரில் அல்வாரில் துளைத்துக்கொண்டிருந்தபோது வண்டிப் படியில் ஏற முடியாமல் விழுந்தேன். ஜனவரியிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். முதலில் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை தந்தார்கள். சிறுநீர் சிவப்பாய்ப் போனது, மூச்சு திரும்பவில்லை. பிறகு ஒரு டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். கல் தூசி என்றார். உள்ளே போனது வெளியே வராதாம். மாத்திரை கிடையாது. ஊதுகிற மருந்து இருக்கிறது, அது கொஞ்சம் இலகுவாக்கும்.

காலையில் இருமும்போது வருவதை நான் பார்ப்பதில்லை. ஒரு தடவை பார்த்தேன். குழாயின் வாயால் வருவதை இருபத்தைந்து வருடம் பார்த்த நானே மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன்.

அல்வார் தூளை அங்கேயே விட்டு வந்தேன் என்று நினைத்தேன். ஆரவல்லி, தக்காணம், நம் கருங்கல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கொண்டு வந்திருக்கிறேன். மருமகள் மா பிசைந்திருக்கத் தேவையில்லை, மாமாவை அனுப்பியிருக்கலாம்.

இமயமலைக்கு நான் போனதே இல்லை. அந்தக் கடிதம் நீ விட்டுப் போன பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது, அதுதான் கடிதம் சின்னதாய்ப் போனது. பீகார் உண்மை, ஆனால் ஆறு வருடத்துக்கு முந்தியது.

காது நன்றாகக் கேட்கிறது. பக்கத்து வரிசைச் சண்டை முழுவதும் கேட்கிறது. உன்னோடு ஒரு நிமிடம் போனில் பேசினால் மூன்று தடவை இருமுவேன். கடிதத்தில் இருமல் கேட்காது. அதற்காகத்தான் எழுதச் சொன்னேன். நீயும் உடனே சம்மதித்தாய். வீடியோவில் சுவர் தெரியும் என்று நீ நினைத்திருப்பாய் என்பது இப்போது விளங்குகிறது.

நான் தூசியில் நின்றது, முகத்தில் துணி கட்டினால் மற்றவர்கள் சிரிப்பார்கள், தண்ணீர் கேட்டால் முதலாளி வேறு ஆளை வைப்பார் என்ற பயத்தில்தான். முதல் வருடமே வெளியே வந்திருக்கலாம். உன் மகள் அந்த ஈரத்தில் இருந்தது ஒன்றரை வருடம்தான். டாக்டரிடம் போய், நான் பொய் சொன்னேன் என்று சொல். மாக்கஸ் வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த ஏழு படியும் ஏறு.

அண்ணன்,
கிளிபோட்


அஜின்கோர்ட், ரொறன்ரோ
22 டிசம்பர் 2024

என் அண்ணாவுக்கு,

இங்கே தபால்காரர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைதான் வந்தது, அதுவும் பழைய முகவரிக்கு. எடுக்கப் போனேன். மச்சாள் கதவைப் பாதி திறந்து உறையை நீட்டினா. அவவின் முகத்தைப் பார்க்க எனக்கும் மனமில்லை. காரிலேயே இருந்து வாசித்தேன்.

அன்றைக்கே பாதரின் போனுக்கு எடுத்தேன். பாதர் உங்களைக் கூப்பிட்டார், பிறகு தயங்கித் தயங்கி, "அவருக்குக் காது கேக்காதாம், பிள்ளை" என்றார். பாவம், குருவானவரைப் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள். ஆகவே திரும்பவும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வர முன்னமே வெளியே வந்துவிட்டோம். மாக்கஸ் ஒரு கிழமை சம்மதிக்கவில்லை. "அக்காவை எப்பிடி விட்டிட்டுப் போறது, ஊர் என்ன சொல்லும்" என்றார். பிறகு ஒருநாள் கட்டிலைத் தட்டுகிறபோது ஸ்டெபியின் தலையணையை எடுத்து மணந்து பார்த்தார். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் வீடு தேடப் போனார். இப்போது நாலாம் மாடி, இரண்டு சின்ன அறை. எலிவேற்றர் அடிக்கடி நிற்கும். நாங்கள் படியில் ஏறுகிறோம். படத்தைக் குப்பையில் போட முடியாது, மந்திரித்தது. சுவாமியிடம் கொடுத்தோம், அவர் முறைப்படி எரித்துவிட்டார். எரியும்போது வந்த மணத்தை எழுத மாட்டேன்.

டொக்டரிடம் போனேன். போன தரம் பொய் சொன்னேன் என்றேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. ஸ்டெபிக்கு வேறொரு மருந்து, நாளுக்கு இரண்டு தரம். நீலப் பம்ப் முன்பு ஒவ்வொரு நாளும் வேண்டியிருந்தது, இப்போது கிழமைக்கு ஒன்று, இரண்டு தரம். முழுதாக மாறுமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

உங்களில் எனக்குக் கோபம். நிழல், நாற்காலி என்றெல்லாம் எழுதினீர்களே, அதை நான் நம்பிச் சந்தோசப்பட்டேன். நான் படித்த மூன்று வருடமும் அந்தத் தூசியிலிருந்துதான் வந்திருக்கிறது. அந்தப் படிப்புச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். புது வீட்டில் மாட்டவில்லை. உங்கள் நெஞ்சுப் படத்தின் பிரதி ஒன்றைப் பாதரின் போனில் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே டொக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் மருந்து என்ன, எத்தனை தரம், எல்லாம் வேண்டும். நிழல் என்று எழுத வேண்டாம்.

ஸ்டெபி பள்ளிக்கூடத்துக்கு இல்லாமல், சும்மா, திரும்பவும் ஒரு இந்தியா செய்தாள். நான் கை வைக்கவில்லை, பக்கத்தில் நிற்கவும் பயமாக இருந்தது. ஒவ்வொரு காலையும் குனிந்து மணந்து பார்த்தேன். மூன்றாம் நாள் வெளிறியது. நாலாம் நாள் அவள் விரலை மடக்கித் தட்டினாள். டொக் என்று கேட்டது. இமயம் நிற்கிறது. திருச்செங்கோட்டில் ஒரு சிவப்புக் குண்டூசி. "மாமா நொட் எவ்ரிவேர், மாமா ஹியர்" என்றாள்.

இந்தக் கடிதம் எப்போது கிடைக்குமோ தெரியாது. ஆகவே எல்லா ஞாயிறும் உங்கள் நேரம் மாலை ஆறு மணிக்குப் பாதரின் போனுக்கு எடுப்பேன். காது கேட்காது என்று சொல்ல வேண்டாம். இருமல் வந்தால் போனை அந்தப் பக்கம் திருப்பவும் வேண்டாம். இருமுங்கள். இங்கே ஸ்டெபியும் இருமுவாள். இருமி முடியும் வரைக்கும் நான் வைக்க மாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
யூஜினி